முப்பத்திரண்டாம் எண்ணுக்குப் பூஜ்யம்

எங்கள் வீட்டில் எட்டு மாதமாக யாரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை.

சண்டை சச்சரவு எதுவும் இல்லை. அக்கா வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள், அவ்வளவுதான். அன்றிலிருந்து அவள் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை கேட்டு எழுதிய கடிதங்களுக்கு ஒரு பதிலும் வரவில்லை. அம்மா பாத்திரத்தைக்கூடச் சத்தம் வராமல் வைக்கப் பழகிவிட்டாள். அப்பா லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். ஊரில் பாதி வழியில் நின்றுபோன லிஃப்டையெல்லாம் மேலே ஏற்றிவிடுவார். வீட்டில் நின்றுபோனதை எப்படி ஏற்றுவது என்று அவருக்கும் தெரியவில்லை.

போதாக்குறைக்கு மழை வேறு. துவைத்த துணிகள் காயாமல் நாற்காலி, கதவு, கட்டில் கால் என்று கண்ட இடத்திலெல்லாம் தொங்கின. வீடு முழுக்க ஈர வாசனை.

அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் என் பள்ளியிலிருந்து அக்காவைக் கூப்பிட்டார்கள். எங்கள் அறிவியல் டீச்சருக்கு ஒரு வெப்சைட் வேண்டுமாம்.

"நோட்டுக் கட்டைத் தூக்கித் தூக்கி என் தோள்பட்டையே இறங்கிப்போச்சும்மா. எல்லாத்தையும் கம்ப்யூட்டர்லயே வாங்கி, கம்ப்யூட்டர்லயே திருத்துற மாதிரி பண்ணிக் குடுங்க" என்று டீச்சர் கேட்டிருந்தார்.

டீச்சர் அதில் அசைன்மென்ட் போடுவார். கடைசித் தேதியும் நேரமும் போடுவார். நாங்கள் எழுதி, படம் எடுத்து அனுப்ப வேண்டும். நேரம் முடிந்தால் கதவு மூடிக்கொள்ளும். பிறகு டீச்சர் மார்க் போட்டு, கீழே ஒரு குறிப்பு எழுதுவார். முதலில் எங்கள் வகுப்புக்கு மட்டும், மூன்று மாதம் சோதனை. சரியாக நடந்தால் பள்ளி முழுவதற்கும் அதே வெப்சைட். அதைப் பார்த்துக்கொள்ள அக்காவுக்கு நிரந்தர வேலை.

டீச்சர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஒரு தடவை மார்க் போட்டால் போட்டதுதான். அதை யாரும் அழிக்கவோ மாற்றவோ முடியக் கூடாது. போன வருடம் யாரோ ஒரு புண்ணியவான் மார்க் நோட்டில் 3ஐ 8 ஆக்கிவிட்டான். அதற்கு ஒரு பேனாவும் கொஞ்சம் தைரியமும் போதும்.

அக்கா ராப்பகலாக உட்கார்ந்து வெப்சைட்டைக் கட்டினாள். கட்டி முடித்ததும் என்னைக் கூப்பிட்டாள்.

"வாண்டு, இங்க வா. கட்டினா மட்டும் போதாது. யாராவது உள்ள போய் எல்லாக் கதவையும் தட்டிப் பாக்கணும். நீதான் பிள்ளை, நீதான் டீச்சர்."

எங்கள் வகுப்பில் முப்பத்தோரு பேர். சோதித்துப் பார்ப்பதற்காக அக்கா முப்பத்திரண்டாவதாக ஒரு மாணவரை உண்டாக்கியிருந்தாள். பெயர் கிடையாது, எண் மட்டும்தான்.

நான் முப்பத்திரண்டாம் எண்ணாக மாறி, சுவரைப் படம் எடுத்து அனுப்பினேன். பிறகு டீச்சராக மாறி அதற்கு மார்க் போட்டேன். பூஜ்யம். கீழே, 'இதை எழுதியதற்குப் பதில் தூங்கியிருக்கலாம்' என்று எழுதினேன்.

அக்காவின் உதடு லேசாக அசைந்தது.

அடுத்து என் கால் கட்டைவிரலை அனுப்பினேன். அதற்கும் பூஜ்யம். 'இந்த மூளையைக் கழுவி வெயிலில் காயப்போடவும்.'

அக்கா சிரித்துவிட்டாள். சும்மா இல்லை, கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு. அடுக்களையிலிருந்து அம்மா ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் கொஞ்சம் சிரிக்கட்டும் என்று எழுதிக்கொண்டே போனேன். 'உன்னை யார் இங்கே சேர்த்தது?' 'உன்னைப் பெற்றவர்கள் பாவம்.' 'வந்த வழியே திரும்பிப் போ. இந்தப் பள்ளிக்கு நீ தேவையில்லை.'

மொத்தம் பதினான்கு பூஜ்யம், பதினான்கு குறிப்பு. போகப் போகக் குறிப்புகள் மோசமாகிக்கொண்டே போயின. அக்காவும் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

யாரையும் நான் திட்டவில்லை என்றுதான் நினைத்தேன். திட்டு வாங்க அங்கே ஆளே இல்லையே.

அன்று சாயங்காலம் அக்கா, மார்க்கை யாரும் அழிக்க முடியாதபடி பூட்டுப் போட்டாள். போட்டு முடித்த பிறகுதான் முப்பத்திரண்டாம் எண் ஞாபகம் வந்தது.

"அடடா, இதை அழிக்காமப் பூட்டிட்டேனே. சரி, நாளைக்குத் திறந்து அழிச்சுக்கலாம். பேரே இல்லாத நம்பர், யார் பாக்கப் போறாங்க?" என்றாள்.

அந்த நாளை வரவே இல்லை.

வெப்சைட் நன்றாகவே ஓடியது. எங்கள் அக்கா செய்தது என்று வகுப்பில் நான் அடித்துக்கொண்ட தம்பட்டத்துக்கு அளவில்லை.

இரண்டு மாதம் கழித்து எங்கள் வகுப்பில் ஒருத்தி புதிதாகச் சேர்ந்தாள். வருடத்தின் நடுவில் வந்தவள் என்பதால் எல்லாரும் அவளைப் 'புதுசு' என்றுதான் கூப்பிட்டார்கள். பழைய பள்ளியில் எழுதிய நோட்டுகளை ஒரு பையில் கொண்டுவந்து ஆபீசில் கொடுத்தாள். முதல் நாள் என்னிடம் தண்ணீர்க் குழாய் எங்கே என்று கேட்டாள். இரண்டாம் நாள் நான் சொன்ன ஒரு மொக்கை ஜோக்குக்குச் சிரித்தாள்.

மூன்றாம் நாளிலிருந்து அவள் யாரிடமும் பேசவில்லை.

அறிவியல் டீச்சர் உள்ளே வந்தால் தலையைக் குனிந்துகொள்வாள். பெல் அடிக்கும்வரை நிமிர மாட்டாள். அசைன்மென்ட் எதையும் அனுப்பவில்லை. ஆச்சரியம் என்னவென்றால், டீச்சரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"டீச்சருக்கு அவளைப் பிடிக்கல போல" என்றான் பின் பெஞ்சுக்காரன்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

மூன்று வாரம் இப்படியே போனது. ஒரு வியாழக்கிழமை, ஓர் இலையை வரைந்து பாகங்களைக் குறிக்கும்படி டீச்சர் அசைன்மென்ட் போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். கம்ப்யூட்டர் ரூமில் இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். என்னையும் புதுசையும் சேர்த்து உட்கார வைத்தார்கள்.

"உன் பக்கத்தைத் திற. என்ன கேட்டிருக்காங்கன்னு பாக்கலாம்" என்றேன்.

"உன்னோடதைத் திறக்கலாமே."

"எனக்குப் பாஸ்வேர்டு மறந்துபோச்சு."

வெப்சைட் செய்தவளின் தங்கைக்கே பாஸ்வேர்டு மறப்பது எவ்வளவு கேவலம் என்று எனக்கும் தெரியும். ஆனால் அதுதான் உண்மை.

அவள் தயங்கித் தயங்கித் தன் பக்கத்தைத் திறந்தாள். திறந்த வேகத்தில் திரையைக் கையால் மறைத்துக்கொண்டாள். விரல்களுக்கு நடுவில் இரண்டு சொற்கள் மட்டும் தெரிந்தன.

வெயிலில் காயப்போடவும்.

அது நான் எழுதியது.

"கையை எடு."

"வேண்டாம்."

"ஒரே ஒரு தடவை எடு, ப்ளீஸ்."

எடுத்தாள். மேலே அவள் பெயர். அதற்குப் பக்கத்தில் முப்பத்திரண்டு. கீழே பதினான்கு பூஜ்யங்களும் என் பதினான்கு குறிப்புகளும் வரிசையாக நின்றன.

"பாத்துட்டியா? சிரிக்கணும்னா சிரிச்சுக்கோ" என்றாள்.

"இதெல்லாம்... யாரு..."

"வேற யாரு? டீச்சர்தான். சேர்ந்தப்போ என் பழைய நோட்டெல்லாம் ஆபீஸ்ல வாங்கி வெச்சாங்க. அதைப் பாத்துட்டு மார்க் போட்டிருக்காங்க."

"டீச்சர் நேர்ல உன்னை ஒண்ணும் திட்டலையே?"

"அதான் பயமா இருக்கு. ஒருத்தரைப் பிடிக்கவே இல்லன்னாதான் பேசாம இருப்பாங்க."

அவள் ஒரு வரியின் மேல் விரலை வைத்தாள். உன்னைப் பெற்றவர்கள் பாவம்.

"எங்கம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க. அவங்க வைத்தியத்துக்குத்தான் நாங்க இந்த ஊருக்கே வந்தோம். சாயங்காலம் போனதும், இன்னிக்கு என்ன மார்க்னு கேப்பாங்க. தினமும் நான் பொய் சொல்றேன்."

அவள் விரலை எடுத்துக்கொண்டாள்.

"இனிமே சொல்ல வேண்டியதில்ல. ஸ்கூல் பிடிக்கலன்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை சித்தப்பா வர்றாரு. அவர்கூட ஊருக்கே போயிடுவேன்."

"அப்போ உங்கம்மா?"

"அவங்க இங்கதான் இருக்கணும். எத்தனை மாசம்னு தெரியாது."

அதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்துவிட்டது. பெல் அடித்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்குப் பயம். இதை மறைத்துக் கதை சொன்னால் அது பொய்யாகிவிடும்.

வீட்டுக்கு வந்தால், அக்கா ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி தன் நல்ல உடுப்புக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை தலைமை ஆசிரியரைப் பார்க்க வேண்டும். நிரந்தர வேலையா இல்லையா என்று அன்றைக்குத்தான் சொல்லப்போகிறார்கள்.

அந்த முணுமுணுப்பைக் கேட்டதும் என் தைரியம் இன்னும் இறங்கியது. தட்டில் இருந்ததை அளைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்க?" என்றாள் அக்கா.

"அக்கா, முப்பத்திரண்டாம் நம்பருக்கு ஆள் வந்துட்டாங்க."

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அக்கா இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள்.

"ஆபீஸ் சார் லிஸ்டைப் பாத்திருப்பாரு. முப்பத்திரண்டுல பேர் இல்ல, காலியா இருக்குன்னு அவ பேரைப் போட்டுட்டாரு. அவரைச் சொல்லிக் குத்தமில்ல. அன்னிக்கே நான் அழிச்சிருக்கணும்" என்றாள்.

லேப்டாப்பை மடியில் வைத்துத் திறந்தாள்.

"பூட்டைத் திறக்குற சாவி என்கிட்ட மட்டும்தான் இருக்கு. அஞ்சு நிமிஷ வேலை. மொத்தத்தையும் அழிச்சிடறேன். டீச்சருக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது."

எனக்கு உயிர் வந்தது. அழித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். அக்காவின் வேலைக்கும் ஆபத்தில்லை. அவள் விரல் பொத்தான் மேல் போனது.

அப்போதுதான் புதுசு அந்த வரியின் மேல் விரல் வைத்தது நினைவுக்கு வந்தது. அவளுக்கு அந்தப் பதினான்கும் மனப்பாடமாகியிருக்கும்.

"அக்கா, இரு. அழிக்காத."

"ஏன்?"

"அவ படிச்சிட்டாளே. இதுல அழிச்சா அவ மனசுலேர்ந்து அழியுமா? நாளைக்குப் பக்கம் காலியா இருந்தா, டீச்சர் திட்டி எழுதிட்டு அப்புறம் மறைச்சிட்டாங்கன்னுதான் நினைப்பா. இன்னும் பயந்துபோவா."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"வேற என்னதான் பண்ணச் சொல்ற?"

"ஒவ்வொரு குறிப்புக்குக் கீழயும், யார் எழுதினதுன்னு போடு."

"வாண்டு, நல்லா யோசிச்சுச் சொல்றியா? பதினாலுலயும் உன் பேர் வரும். டீச்சர் பாப்பாங்க, ஹெச்.எம் பாப்பாங்க."

"உன் வேலை போயிடுமா?"

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தாள். வெளியே மழை விட்டபாடில்லை.

"போனாலும் போகலாம்" என்றாள்.

நான் மூக்கை உறிஞ்சினேன். 'அப்படியானால் வேண்டாம்' என்று சொல்ல வாய் துடித்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வருகிற சித்தப்பாவை நினைத்தேன். ஆஸ்பத்திரியில் தனியாகப் படுத்து, 'இன்னிக்கு என்ன மார்க்?' என்று கேட்க ஆள் இல்லாமல் இருக்கப்போகிற ஓர் அம்மாவையும் நினைத்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

அக்கா தட்டச்சுச் செய்யத் தொடங்கினாள்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே நின்ற அம்மா, "முதல்ல ரெண்டு பேரும் சாப்பிடுங்க. தப்புப் பண்ணவங்களுக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றாள்.

மறுநாள் காலை அக்காவும் நானும் பள்ளி தொடங்கும் முன்பே ஆசிரியர் அறைக்குப் போனோம். டீச்சர் ஈரக் குடையை மூலையில் விரித்து வைத்துக்கொண்டிருந்தார். அக்கா லேப்டாப்பைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். நான்தான் சொன்னேன். பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து தொடங்கி, எப்படியோ சொல்லி முடித்தேன்.

டீச்சர் பதினான்கையும் படித்தார். முதலில் அவருக்குக் கோபம் வந்தது, காது நுனிகூடச் சிவந்தது. ஆனால் இரண்டாவது குறிப்புக்குத் திரும்பிப் போய் அங்கேயே நின்றுவிட்டார்.

"இது நான் சொன்னதாச்சே" என்றார்.

நான் தரையைப் பார்த்தேன்.

"போன வருஷம் டெஸ்ட் பேப்பர் குடுக்கும்போது சொன்னேன். மூளையைக் கழுவி வெயில்ல காயப்போடுன்னு. அப்போ நீங்கள்லாம் சிரிச்சீங்க இல்ல?"

"ஆமா டீச்சர். எல்லாரும் சிரிச்சோம்."

"யாரைச் சொன்னேனோ அவனும் சிரிச்சானா?"

யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஞாபகம் இல்லை. அவன் முகத்தை அப்போது நான் பார்க்கவே இல்லை.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத பொண்ணு, வீட்டுப்பாடம் அது இதுன்னு தொந்தரவு பண்ண வேண்டாம்னுதான் நான் அவகிட்ட ஒண்ணும் கேக்கல, இதுல அவ பக்கத்தைத் திறக்கவும் இல்ல" என்றார். "அவளோட நோட்டுங்க இன்னும் ஆபீஸ் அலமாரியிலதான் இருக்கு. நான் பிரிச்சுக்கூடப் பாக்கல."

தலைமை ஆசிரியர் அறையில் அக்கா மட்டும் போய் நின்றாள். கதவு திறந்திருந்ததால் எனக்கும் கேட்டது.

"பிள்ளைங்க விஷயத்துல 'நாளைக்குப் பாத்துக்கலாம்'ங்கிறதே கூடாதும்மா. நாளைக்கு நீங்க வர வேண்டியதில்ல. நிரந்தரம்ங்கிற பேச்சு இப்போதைக்கு வேண்டாம். இன்னும் மூணு மாசம் போகட்டும்."

அக்கா வெளியே வந்தபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. அவள் என் தோளில் கை போட்டுக்கொண்டாள். "துரத்தல இல்ல? அதுவே பெருசு" என்றாள். குரலில் ஒரு சந்தோஷமும் இல்லை.

அன்று புதுசு பள்ளிக்கு வரவில்லை.

சாயங்காலம் அக்கா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எந்த வார்டு என்று டீச்சர் கேட்டுச் சொல்லியிருந்தார். நீண்ட நடைபாதை. மருந்து வாசனை. ஈரச் செருப்புத் தடத்தை ஒரு பணியாளர் துடைத்துக்கொண்டே வந்தார், அவருக்குப் பின்னாலேயே நாங்கள் தடம் பதித்துக்கொண்டு போனோம். நடைபாதைக் கோடியில் புதுசு குழாயடியில் நின்று பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"டீச்சர் அனுப்பினாங்களா?"

"இல்ல. நானாத்தான் வந்தேன். அதெல்லாம் டீச்சர் எழுதல. நான் எழுதினேன்."

அவள் நம்பவில்லை. "என்னைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்ற" என்றாள்.

அக்கா போனை நீட்டினாள். புதுசு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். ஒவ்வொரு பூஜ்யத்துக்கும் கீழே, ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே, 'எழுதியவர்' என்று போட்டு என் முழுப் பெயர், இனிஷியலோடு. அவள் ஒன்றுவிடாமல் மேலிருந்து கீழே வரை படித்தாள். குழாயடியில் பாட்டில் நிரம்பித் தண்ணீர் வழிந்தது, அக்கா போய்க் குழாயை மூடினாள்.

நடந்ததை எல்லாம் சொன்னேன். வெப்சைட்டைச் சோதித்தது, பெயர் இல்லாத மாணவர், ஆபீஸ் சார் காலி எண்ணில் அவள் பெயரைப் போட்டது, எல்லாம்.

"உன்னை நினைச்சு எழுதலை. அப்போ நீ வரவே இல்ல. அங்க யாருமே இல்லன்னு நினைச்சுதான் எழுதினேன்."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"யாருமே இல்லாத ஆளை எதுக்கு இவ்ளோ மோசமாத் திட்டின?"

 உள்ளதைச் சொன்னேன்.

"அக்கா சிரிக்கணும்னு."

அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "நான் சிரிச்சேன்" என்றாள்.

"மன்னிச்சுக்கோ" என்றேன் நான்.

'பரவாயில்லை' என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. எனக்கு முகம் தொங்கிப்போனது.

அக்காதான் பேசினாள். "உனக்கு இப்போ முப்பத்திமூணாம் நம்பர் குடுத்திருக்கேன்மா. உன் பக்கத்துல இப்ப ஒண்ணுமே இல்ல. டீச்சர் உன் நோட்டை இனிமேதான் பாக்கப்போறாங்க. அவங்களே உன்கிட்ட பேசுறேன்னு சொல்லச் சொன்னாங்க."

 புதுசு பாட்டிலின் மூடியைத் திருகி, மறுபடி திறந்து, மறுபடி திருகினாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"நீ எனக்குப் பதினாலு தடவை மார்க் போட்ட. நான் உனக்கு ஒரே ஒரு தடவை போடணும்."

நான் திகைத்துப்போனேன். அக்கா அங்கேயே நின்று டீச்சருக்குப் போன் போட்டாள். டீச்சர் எல்லாவற்றையும் கேட்டாராம். பிறகு, "போடட்டும். இலை அசைன்மென்டுக்குப் போடட்டும்" என்றாராம்.

"அவ என்ன வேணா எழுதலாமா?" என்று நான் அக்காவின் காதில் கேட்டேன்.

"என்ன வேணா எழுதலாம். அழிக்க முடியாது" என்றாள் அக்கா சத்தமாகவே.

"கீழ என் பேர் வருமா?" என்று கேட்டாள் புதுசு.

"வரும்."

"அப்போ சரி."

வார்டுக்கு உள்ளிருந்து ஓர் அம்மாவின் மெல்லிய குரல் அவளைக் கூப்பிட்டது. அவள் பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஊருக்குப் போகிறாயா, இருக்கிறாயா என்று கேட்க வாய் திறந்தேன். அதற்குள் கதவு சாத்திக்கொண்டது.

சனிக்கிழமையும் மழை. நான் வாசலில் விழுந்து கிடந்த ஓர் இலையை எடுத்துவந்து வரைந்தேன். பிடிக்கவில்லை, கிழித்தேன். மறுபடி வரைந்தேன். என் ஆயுளில் ஒரு வீட்டுப்பாடத்தை நான்கு தடவை செய்தது அதுதான் முதல் முறை. நான்காவதும் ஒன்றும் அழகாக இல்லை. ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, விதி விட்ட வழி என்று படம் எடுத்து அனுப்பிவிட்டேன்.

ஐந்து மணிக்கெல்லாம் லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். ஆறு மணிக்குக் கதவு மூடிக்கொண்டது. மார்க் வரவில்லை. ஆறரைக்கும் வரவில்லை.

"சித்தப்பா வந்திருப்பாரு. அவ பஸ் ஏறியிருப்பா" என்றேன்.

"இருக்கலாம்" என்றாள் அக்கா. என் அக்காவுக்குப் பொய்யாக ஆறுதல் சொல்லத் தெரியாது.

அவள் போய்விட்டால் என்னால்தான் போனாள். இதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. காயாத துணிகளுக்கு நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகையாக வந்தது.

ஏழு மணிக்குச் சற்று முன்னால் லேப்டாப் 'டிங்' என்றது.

"வந்துடுச்சு" என்றாள் அக்கா.

"நீ படி. எனக்குப் பயமா இருக்கு."

"உனக்கு எழுதினது. நீயே படி."

ஒரு கண்ணை மூடிக்கொண்டு படித்தேன்.

'பத்துக்கு நாலு. நடு நரம்பு கோணலா இருக்கு. காம்பு வரையவே இல்லை, இந்த இலை மரத்துல எப்படி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு? நாளைக்கு உன் பக்கத்துல உக்காந்து சொல்லித்தரேன். சித்தப்பா மட்டும் ஊருக்குப் போயிட்டார்.'

அதற்குக் கீழே, 'எழுதியவர்' என்று போட்டு, அவள் முழுப் பெயர்.

நான் போட்ட கூச்சலில் தொங்கிக்கொண்டிருந்த இரண்டு சட்டைகள் கீழே விழுந்தன. அம்மா பதறிக்கொண்டு ஓடிவந்தாள்.

"என்னடி, எத்தனை மார்க்?"

"நாலும்மா!" என்று அம்மாவைக் கட்டிக்கொண்டு குதித்தேன். "பத்துக்கு நாலு!"